மூன்றுக்கும் ஆமாம்

டாக்டர் ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அன்றோடு அந்த ஊரில் பல்வலி ஒழிந்தது. சொத்தைப் பல் என்று வந்தவருக்கும், ஈறு வீக்கம் என்று வந்தவருக்கும், பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்த கிழவருக்கும் ஒரே வியாதிதான்: தாடை மூட்டு.

காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடினால் உள்ளே ஒன்று அசையுமே, அதுதான் தாடை மூட்டு. அது கெட்டுப்போனால் மெல்லும்போது வலிக்கும், டக் டக்கென்று சத்தம் வரும், சில பேருக்குக் கொட்டாவி விட்ட வாய் விட்டபடியே நின்றுவிடும். அதனால் பல் பார்க்க வருகிற ஒவ்வொருவரையும் முதலில் இதைப் பற்றி விசாரிக்க வேண்டும், பிறகு கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல விஷயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தொட்டுப் பார்க்கிற பாடம் நடந்தது இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த நேரம் டாக்டர் கடைசி வரிசையில் கண்ணை மூடி ஆழ்ந்த சிந்தனையில் இருந்தார். ஆகவே அவர் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது விசாரிக்கிற பாடத்தை மட்டும்தான்.

விசாரிக்கிற வேலை டாக்டரம்மா தலையில் விழுந்தது. டாக்டரம்மா என்றால் டாக்டருக்குப் படித்தவள் இல்லை, டாக்டரைக் கட்டிக்கொண்டவள். கிளினிக்கின் முன்மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, அழுகிற பிள்ளைக்குப் பொம்மை காட்டுவது, ஊசியைக் கண்டதும் மயங்கி விழுகிற ஆம்பளைகளின் முகத்தில் தண்ணீர் தெளிப்பது எல்லாம் அவள்தான். ஊர்க்கதை கேட்பதில் அவளுக்கு இருக்கிற ஆசையையும் சொல்லிவிட வேண்டும். யாராவது ‘எங்க வீட்ல…’ என்று ஆரம்பித்தால் போதும், போன் கதறினாலும் எடுக்கமாட்டாள்.

கேள்விகள் வெளிநாட்டுக்காரர்கள் எழுதியவை. அவற்றைத் தமிழில் கொண்டுவரும் பொறுப்பை டாக்டர் யாரையும் நம்பி விடவில்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியவர் அவர். அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முக்கி முனகி மூன்று கேள்விகளைப் பெற்றெடுத்தார். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது உண்டா? எப்போதாவது வாயடைத்துப் போயிருக்கிறீர்களா? வாயைத் திறந்தால் சத்தம் வருகிறதா?

அவற்றை அவர் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டியபோது டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“ஏங்க, இப்படிக் கேட்டா ஜனங்க வேற மாதிரி எடுத்துக்குவாங்க,” என்றாள்.

“ஆமாவா இல்லையா, அதை மட்டும் கேட்டு வாங்கு. நடுவுல நீ வாயைத் திறக்காத,” என்றார் டாக்டர்.

மறுநாள் முதல் ஆளாக ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார், பல் சுத்தம் பண்ணிக்கொள்ள. பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது உண்டா என்று டாக்டரம்மா கேட்டதும் டீச்சர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தானே பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றார். நேற்று மீசை முளைத்த பையனைத் தலைமையாசிரியராகக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்களாம், அவனுக்குக் கரும்பலகை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாதாம். வாயடைத்துப் போனது அந்த ஆர்டரைப் பார்த்த அன்றைக்கு. சத்தமா? நான் வாயைத் திறந்தால் அறைக்குள்ளிருந்து அவன் போடுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும் என்றார். மூன்றுக்கும் ஆமாம்.

அடுத்து ஒரு பேங்க் கேஷியர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஜனத்தைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடிக்காமல் எப்படியம்மா இருக்க முடியும் என்று திருப்பிக் கேட்டார். அதற்கடுத்து ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்தார்கள். ஒருத்தியை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மூன்று கேள்விக்கும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். அந்த வீட்டில் அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும். புதிதாகக் கல்யாணமான ஒருவன் பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இல்லை, இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினான். அவள் உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்த பிறகு மெதுவாக எழுந்து வந்து, முதல் கேள்விக்கு மட்டும் ஆமாம் என்று மாற்றிக்கொள்ளச் சொன்னான்.

இப்படியாக ஊரே வந்தது. கொஞ்ச நாளில் பல்லில் ஒரு கோளாறும் இல்லாதவர்கள்கூட டோக்கன் வாங்க ஆரம்பித்தார்கள். பிறந்ததிலிருந்து இப்படி ஒரு கேள்வியை இவர்களிடம் யாரும் கேட்டதில்லை. புருஷன் கேட்டதில்லை, பிள்ளை கேட்டதில்லை. ஒரு பல் ஆஸ்பத்திரியில், விசிறிக்கடியில் உட்கார வைத்து, மரியாதையாக ‘நீங்கள்’ போட்டுக் கேட்கிறார்கள் என்றால் விடுவார்களா? டாக்டரம்மாவுக்கும் அந்த வேலை கரும்பாக இனித்தது. ஆமாம் என்று வாங்கிக்கொண்டு நிறுத்தாமல், ‘ஐயோ, அப்புறம்?’ என்று அவள் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக் கேட்பாள். டோக்கன் நகராது.

உள்ளே டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தாடை மூட்டு போய்விட்டது, இத்தனை வருஷமாக ஒரு பயலும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது யார்? அவர். ஒருத்தர் தாடையிலும் அவர் கை வைக்கவில்லை, அதற்கெல்லாம் நேரம் ஏது? மூன்றுக்கும் ஆமாம் என்றால் நேராகப் பல் உறைதான். ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்க வேண்டிய கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக். அதை மாட்டினால் பேச வராது, வெறும் ‘ம்ம்ம்’ தான் வரும். இந்தக் குணம் தெரிந்ததும் சில புருஷன்மார்கள் தங்கள் மனைவிமாரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் பகலில் மாட்டுகிற மாதிரி ஒன்று கிடைக்குமா என்று டாக்டரிடமே விசாரித்தார். டாக்டர் அதை அறிவியல் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்.

இந்தக் கூட்டத்தில்தான் லாரி டிரைவர் வந்தார். பின்கடைவாய்ப் பல் ஒன்று ஆட்டம் காட்டுகிறது, வேர் சிகிச்சை பண்ண வேண்டும், ரொம்ப நேரம் வாயைத் திறந்துகொண்டு கிடக்க வேண்டிய வேலை. டாக்டரம்மா கேள்வியைக் கேட்டாள். நான் எதுக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும், தோணினதை மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன் என்றார் டிரைவர். வாயடைத்துப் போவதா, என் வாயை அடைக்க எவன் இருக்கான் என்றார். சத்தம் போடுகிற பழக்கமெல்லாம் எனக்கு இல்லைம்மா என்றார். மூன்றுக்கும் இல்லை.

அவர் ‘இல்லை’ என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் கன்னத்துக்குள்ளிருந்து கேட் கொண்டி விழுகிற மாதிரி டக்கென்று ஒரு சத்தம் வந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் டாக்டரம்மா காதில் தெளிவாக விழுந்தது. பேச்சுக்கு நடுவில் கொட்டாவி வந்து வாய் அப்படியே நின்றுவிட்டது. டிரைவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, உள்ளங்கையால் கீழ்த்தாடையை ஒரு பக்கமாகத் தள்ளி மூடிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். அவரைப் பொறுத்தவரை அது வண்டிக் கதவு மாதிரி. கொஞ்சம் தூக்கிச் சாத்தினால் சாத்திக்கொள்ளும்.

இந்த வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நோண்டினால் அப்புறம் மூடவே மூடாதே என்று டாக்டரம்மா பயந்தாள். உள்ளே போய் டாக்டரிடம் சொன்னாள், அந்த டிரைவரை மட்டும் கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன் என்று கெஞ்சியும் பார்த்தாள்.

“மூணுக்கும் இல்லைன்னு சொன்னாரா இல்லையா?” என்று டாக்டர் கேட்டார். “அப்புறம் என்ன? ஊர்லயே ஒழுங்கான தாடை அவர் ஒருத்தருக்குத்தான் இருக்கு. உன் காதை நம்பியா நான் வைத்தியம் பாக்கறது?”

சங்கத்துக் கூட்டம் முடிந்த அடுத்த வாரம் டிரைவருக்கு வேர் சிகிச்சை என்று நாள் குறித்தாகிவிட்டது. சங்கம் என்றால் பல் டாக்டர்கள் சங்கம். அதன் ஆண்டுக் கூட்டத்தில் நம் டாக்டர் தன் கண்டுபிடிப்பைப் படிக்கப் போகிறார். படித்ததில் சிறந்ததற்குக் கேடயம் உண்டு. தலைமை தாங்குபவர், டாக்டர் படிக்கும்போது வாய்மொழித் தேர்வில் அவரை ஒரு தடவை பெயிலாக்கிய பழைய பேராசிரியர். பசங்கள் அவருக்கு வைத்த பெயர் குறடு. பிடித்தால் வேரோடு வராமல் விடமாட்டார் என்பதால். அந்தக் குறடு கையால் கேடயம் வாங்க வேண்டும் என்று டாக்டர் துடித்துக்கொண்டிருந்தார். வரவேற்பறைச் சுவரில் கேடயத்துக்காக ஆணியும் அடித்தாகிவிட்டது. ‘தாடை மூட்டு நிபுணர்’ என்று போர்டு எழுதக் கொடுத்தாகிவிட்டது.

கூட்டத்துக்கு முந்தின நாள் டாக்டரம்மா கடைசியாக ஒரு தடவை முயற்சி பண்ணினாள். கம்ப்யூட்டரில் வட்டம் போட்டு அதில் தொண்ணூறு பங்குக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தார் டாக்டர். அவள் பக்கத்தில் போய் நின்று, இவங்க யாருக்கும் தாடையில ஒண்ணும் இல்லைங்க, எல்லாம் வீட்டு விவகாரம், என்கிட்ட அத்தனையும் சொன்னாங்க என்று ஆரம்பித்தாள். வாக்கியம் பாதியில் இருக்கும்போதே, நாளைக்குப் போடுகிற சட்டையை இஸ்திரி போட்டாச்சா என்று கேட்டார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு இந்த மனிதரிடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தான் ஆரம்பிக்கிற ஒரு பேச்சை அவர் முடிகிறவரைக்கும் கேட்க வேண்டும். நகை கேட்டாளா, நட்டு கேட்டாளா? காது கேட்டாள், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. ஊர்க்காரர்களுக்கெல்லாம் அவள் கொடுத்துக்கொண்டிருந்ததைத் தன் வீட்டில் அவளால் வாங்க முடியவில்லை. சரி, போய் விழட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு, காலரில் ஒரு சுருக்கம் இல்லாமல் சட்டையைத் தேய்த்து வைத்தாள்.

கூட்டம் ஒரு பெரிய அரங்கத்தில். டாக்டர்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஒரு பெண் டாக்டர் பல் தேய்க்கும் பிரஷ் எத்தனை நாளில் தேயும் என்பதைப் பற்றிப் படித்தார். ஒருவர் விடாமல் தூங்கினார்கள். அடுத்து நம் டாக்டர் சிவப்பு வட்டத்தைத் திரையில் போட்டதும் அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் சும்மாவா? எத்தனை பல் உறை விற்கும் என்று தொழில் தெரிந்தவர்கள் மனக்கணக்குப் போட்டார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது. தலைமை நாற்காலியில் குறடு மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைதட்டலோடு டாக்டர் இறங்கியிருந்தால் கேடயம் கைக்கு வந்திருக்கும். ஆனால் மைக்கைப் பிடித்தவருக்கு விட மனசு வருமா? இந்தச் சோதனை எவ்வளவு சுலபம் என்று இப்போதே செய்து காட்டுகிறேன், என் மனைவியையே கேட்கிறேன் என்று அறிவித்துவிட்டார். அவர் கணக்கு அவருக்கு. மனைவி மூன்றுக்கும் இல்லை என்பாள், ஆரோக்கியமான தாடை இப்படித்தான் பதில் சொல்லும் என்று முடித்துவிடலாம். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் எழுந்து போனாள். மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கையில் இன்னொரு மைக்கைக் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கும் அவருக்கும் சம அளவு சத்தம்.

“நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது உண்டா?” என்றார் டாக்டர், மேடைக்காக ‘நீங்கள்’ போட்டு.

டாக்டரம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். பொய் சொல்லிவிடலாம். சுவரில் ஆணி காத்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் லாரி டிரைவரும் வாயைத் திறந்துகொண்டு வந்து படுப்பார்.

“ஆமாங்க,” என்றாள். “கல்யாணம் ஆனதுலேர்ந்து.”

அரங்கம் குபீரென்று சிரித்தது. டாக்டரும் ஹாஸ்யத்தை ரசிப்பவர் மாதிரி சிரித்து வைத்தார். அடுத்த கேள்வியைக் கொஞ்சம் அவசரமாகக் கேட்டார். எப்போதாவது வாயடைத்துப் போயிருக்கிறீர்களா?

“போயிருக்கேன். நான் பேசிக்கிட்டு இருக்கறப்ப நீங்க சட்டையைப் பத்திக் கேட்டீங்களே, அப்ப.”

இந்தத் தடவை சிரித்தது ஆண்கள் பக்கம் மட்டும். பெண்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. டாக்டர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது, நன்றி என்று ஏதோ முணுமுணுத்தார். அப்போதுதான் குறடு வாயைத் திறந்தார். மூணு கேள்வின்னு சொன்னீங்களே, மூணாவது என்ன ஆச்சு என்றார். டாக்டர் தன் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். அவர் கேட்கமாட்டார் என்று தெரிந்ததும் அந்தக் கிழவரே, திரையில் எழுதியிருந்ததை வாசித்துக் கேட்டார்.

“ஏம்மா, வாயைத் திறந்தா சத்தம் வருதா?”

“திறந்தாத்தானே சார் தெரியும்?” என்றாள் டாக்டரம்மா.

முன்வரிசையில் ஒரு டாக்டரின் மனைவி கைதட்டினாள். பக்கத்து நாற்காலியிலிருந்து இன்னொருத்தி. பிறகு பெண்கள் பக்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. அவரவர் புருஷன்மார்கள் திடீரென்று மேற்கூரையின் அழகைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

குறடு எழுந்து மெதுவாக அவள் பக்கத்தில் வந்தார். தொட்டுப் பார்க்கலாமா அம்மா என்று அனுமதி கேட்டு, இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்தார். திற என்றார், மூடு என்றார், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டச் சொன்னார். மூன்று விரலை அடுக்கி வாயில் விடச் சொன்னார். அவள் விரல்கள் தாராளமாக உள்ளே போயின. கிழவர் அவள் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டு, இது எண்ணெய் போட்ட கதவு மாதிரி இருக்கு, இந்தத் தாடைக்கு ஒரு குறையும் இல்லை என்று அரங்கத்துக்குச் சொன்னார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, இந்தச் சிவப்பு வட்டத்துல எத்தனை பேரோட தாடையில கை வெச்சுப் பாத்தீங்க என்று கேட்டார். டாக்டர் திரும்பித் திரையில் இருந்த வட்டத்தைப் பார்த்தபடி நின்றார். வாய்மொழித் தேர்வு அன்றைக்கும் இப்படித்தான் நின்றார்.

“அப்ப ஏம்மா முதல் ரெண்டுக்கும் ஆமான்னு சொன்னீங்க?” என்று மைக்கை அவளிடமே திருப்பிக் கொடுத்தார் கிழவர்.

“அவர் கேட்ட கேள்விக்குத் தமிழ்ல அதுதான் சார் பதில்,” என்றாள் டாக்டரம்மா. “வந்தவங்க எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. பொய் சொல்லல. மூணுக்கும் இல்லைன்னு சொன்னது ஒரே ஒரு லாரி டிரைவர். அவர் வாயைத் திறந்தா மேஜைவரைக்கும் சத்தம் கேக்குது, கொட்டாவி விட்டா கையால தள்ளி மூடறார். அடுத்த வாரம் அவருக்கு வேர் சிகிச்சை. தயவுசெஞ்சு யாராவது அவரை முதல்ல தொட்டுப் பாருங்க.”

அதற்கு யாரும் சிரிக்கவில்லை, கைதட்டவும் இல்லை. நாளைக்கே அவரை என்னிடம் அனுப்புங்கள் என்றார் குறடு. கேடயம் பிரஷ் தேய்மானத்துக்குப் போயிற்று. அந்தப் பெண் டாக்டருக்கே நம்ப முடியவில்லை.

திரும்பும்போது காரை டாக்டர் ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும், ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட என்றார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல என்றார்.

“மூணு தடவை சொன்னேன்.”

எப்போது என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. ஞாபகம் வந்திருக்க வேண்டும். அல்லது ஞாபகத்தில் ஒன்றுமே இல்லை என்பது உறைத்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் என்று அவள் நினைத்தாள், அவரை அவளுக்குத் தெரியாதா? அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்தது. டாக்டர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, கிழவர் செய்ததைப் பார்த்து மனப்பாடம் பண்ணினவர் மாதிரி, அவள் காதுக்கு முன்னால் விரலை வைத்தார். ஊர் முழுக்கத் தாடை பார்த்த மனிதர் ஒரு தாடையைத் தொட்டது அன்றைக்குத்தான். விரல் சரியான இடத்திலும் இல்லை, கன்னத்து எலும்பில் இருந்தது. டாக்டரம்மாவுக்கு அழுகை வந்தது. அது கோபமா வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை. விரலை எடுத்துவிட்டாள்.

“அங்க ஒண்ணும் இல்லைன்னு அவர்தான் சொல்லிட்டாரே,” என்றாள்.

டாக்டர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பச்சை விழுந்தது. அவர் வண்டியை எடுக்கவில்லை.

“எப்பலேர்ந்து?” என்று கேட்டார்.

அது டாக்டர் கேள்வியா புருஷன் கேள்வியா என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிற முகமாகத்தான் இருந்தது. அந்த முகத்தை அவள் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரனாக அடித்தார்கள்.

“ஓரமா நிறுத்துங்க,” என்றாள். “இது ஒரு சிக்னல்ல சொல்லி முடியிற விஷயம் இல்லை.”

டாக்டர் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினையும் அணைத்தார்.